மலைத்தோட்டத்தில் ட்ரோன்: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

நுவரெலியாப் பக்கம் கந்தப்பளைக்கு மேலே எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலையும் நாற்பது பேர்ச்சஸ் மரக்கறித் தோட்டமும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் தேயிலையில் மேல் பக்கம் ஓர் இடம் மட்டும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அப்பா உரம் போதவில்லை என்றார். சித்தப்பா வேரில் புழு என்றார். மருந்துக் கடைக்காரர் ஒரு வார்த்தையும் கேட்காமல் மூன்று போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

நான் ட்ரோனை ஏற்றி, கேமராவை நேர் கீழே திருப்பி ஒரு படம் எடுத்தேன். மஞ்சள் நிறம் விசிறி விரித்த மாதிரி இருந்தது. ஒரு முனையில் தொடங்கி, சரிவு இறங்க இறங்க அகன்றுகொண்டே போனது. அந்த முனை எங்கே என்று பார்த்தால், கான் (மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால்) வளைகிற இடம். மண்வெட்டியோடு ஏறிப் போனேன். கான் முழங்கை ஆழத்துக்குச் சேறும் சருகும் அடைத்துக் கிடந்தது. மழைத் தண்ணீரெல்லாம் அந்த வளைவில் நிரம்பி வழிந்து, கீழே இருந்த செடிகளின் வேரை ஊற வைத்து, போட்ட உரத்தையும் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. அரை நாள் வேலையில் கான் சரியானது. மூன்று போத்தலும் கடையிலேயே இருக்கின்றன.

ட்ரோன் இதில் செய்தது ஒரே வேலைதான். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. காரணத்தைக் கண்டுபிடித்தது மண்வெட்டி. ட்ரோன் வாங்கினால் மலை ஏற வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் காசை வேறு ஏதாவதற்குச் செலவழிக்கலாம். சும்மா சுற்றி வராமல் சரியான இடத்துக்கு நேரே ஏற வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

எந்த ட்ரோன்

தோட்ட வேலைக்கு மூன்று வகை ட்ரோன்கள் பேசப்படுகின்றன. சாதாரணக் கேமரா உள்ள சின்ன ட்ரோன், கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் பதிகிற மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா ட்ரோன், மருந்து தெளிக்கிற பெரிய ட்ரோன். தொடங்குகிறவருக்கு முதலாவதுதான். இரண்டாவதைப் பற்றிக் கீழே கொஞ்சம் சொல்கிறேன். மூன்றாவதைப் பற்றி இப்போதைக்கு ஒரே பேச்சு: நம் சரிவுகளில் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது, தெளித்த மருந்து பக்கத்து லயத்துக்கும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) பீலித் தண்ணீருக்கும் (குடிக்கவும் குளிக்கவும் எடுப்பது) போகும். அதற்கென்று தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள்.

சின்ன ட்ரோனில் பார்க்க வேண்டியவை சில. ஜிபிஎஸ் இருக்க வேண்டும். கேமரா ஆடாமல் பிடிக்கும் ஜிம்பல் இருக்க வேண்டும், அது நேர் கீழே தொண்ணூறு பாகை திரும்ப வேண்டும். பேட்டரி குறைந்தது மூன்று. தானாகவே கோடு கோடாகப் பறந்து படம் எடுக்கும் வசதி அந்த மொடலில் வேலை செய்யுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஒரே கம்பனியின் சின்ன மொடல்கள் சிலவற்றில் அது இருக்காது. பழையது வாங்கினால் பேட்டரியை மேசையில் வைத்து உருட்டிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் ஆடும், அதை வாங்கக் கூடாது.

தனியாக வாங்க வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்துதான் வாங்கினோம். ஒன்றரை ஏக்கருக்கு ஒரு ட்ரோன் என்பது பூனைக்குப் புல்லட் வாங்கிக் கொடுத்த மாதிரி.

அனுமதி

இலங்கையில் ட்ரோனுக்குப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபை. எடையையும் எதற்காகப் பறக்க விடுகிறீர்கள் என்பதையும் வைத்து வகை பிரிக்கிறார்கள். பாதுகாப்பு அமைச்சின் பக்கமும் ஒரு கை உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் கொண்டு வருவதானால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவும் வரும், ஏனென்றால் ட்ரோன் ஒரு ரேடியோக் கருவி. "சின்னதுதானே தம்பி, பேப்பர் ஒன்றும் வேண்டாம்" என்று விற்கிறவர் சொன்னால் தலையாட்டிவிட்டு, அதிகார சபையிடமே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்க விடுவது நிறுத்தப்பட்டது. நிலைமை எப்போது மாறும் என்று சொல்ல முடியாது, அதனால் வருடத்துக்கு ஒரு தரமாவது விதிகளைத் திரும்பப் பாருங்கள்.

நம் பக்கத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. பீதுருதலாகல உச்சி பாதுகாப்பு வலயம். நீர்த்தேக்க அணைகள், மின்நிலையங்கள், முகாம்கள் பக்கம் போகவே கூடாது. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை ஓரங்களில் தோட்டம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாக யோசிக்க வேண்டும். ஹோர்டன் சமவெளி, ஹக்கல போன்ற காப்பிடங்களின் எல்லையில் இருப்பவர்களுக்கு வனவிலங்குத் திணைக்களம் இருக்கிறது.

அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ட்ரோன் பையிலேயே வையுங்கள். கிராம சேவகருக்கும் பக்கத்துத் தோட்ட அலுவலகத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொலிசார் கேட்டு வருவதும், நாம் முதலில் போய்ச் சொல்வதும் ஒன்றாகாது.

உயரம் என்று திரையில் காட்டுவது என்ன

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். யாழ்ப்பாணத்திலோ அம்பாறையிலோ வயலுக்கு மேலே பறக்க விடுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. இணையத்தில் கிடைக்கும் பாடங்களும் பெரும்பாலும் சமதரைக்காரர்கள் செய்தவை.

திரையில் உயரம் 50 மீற்றர் என்று தெரிகிறதே, அது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து 50 மீற்றர். இப்போது அதற்குக் கீழே இருக்கும் நிலத்திலிருந்து அல்ல. முப்பது பாகைச் சரிவில், கிடையாக 100 மீற்றர் மலைப்பக்கம் போனால் நிலம் ஏறத்தாழ 58 மீற்றர் ஏறிவிடும். அடிவாரத்தில் கிளப்பி 50 மீற்றரில் நேரே மலையைப் பார்த்து விட்ட ட்ரோன் எங்கே இருக்கும்? தேயிலைக்குள். திரை அப்போதும் 50 என்றுதான் காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் முதல் பழக்கம்: மலையின் மேல் முனையில் நின்று கிளப்புங்கள். ஏறுவது கஷ்டம்தான். ஆனால் அங்கிருந்து தோட்டம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும், சிக்னல் தடையில்லாமல் போகும், ட்ரோன் எங்கே போனாலும் நிலம் அதைவிட்டுக் கீழேதான் போகும். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேலேயிருந்து 50 மீற்றரில் கிளப்பி 100 மீற்றர் வெளியே போனால் நிலத்துக்கும் ட்ரோனுக்கும் இடையே 108 மீற்றர் வந்துவிடும். படம் பாதித் துல்லியமாகும், அனுமதித்த உயரத்தையும் தாண்டிவிடலாம்.

இதற்கு வழி, கொழுந்து எடுக்கிறவர்கள் நிரை பிடிக்கிற மாதிரி பறப்பது. மேலும் கீழுமாகப் போகாமல், சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு. அப்புறம் கொஞ்சம் இறங்கி, உயரத்தையும் இறக்கி, அடுத்த கோடு. நிலத்திலிருந்து உள்ள தூரம் ஓரளவு ஒரே மாதிரி இருக்கும். சில செயலிகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றித் தாமாகவே உயரத்தை மாற்றும். அவை பயன்படுத்தும் இலவச உயரத் தரவு பெரும்பாலும் 30 மீற்றருக்கு ஒரு புள்ளிதான். இடையில் நிற்கிற தனி மரம் அதற்குத் தெரியாது.

இரண்டாவது பழக்கம், வீடு திரும்பும் உயரத்தைப் பறப்பதற்கு முன் ஒவ்வொரு தரமும் பார்ப்பது. சிக்னல் அறுந்தால் அல்லது பேட்டரி இறங்கினால் ட்ரோன் தானாகவே கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பி வரும். அந்த நேர்கோட்டில் மலை இருக்கிறதா என்று அது யோசிக்காது. நான் இதைக் காசு கொடுத்துப் படித்தேன். முதல் மாதம், பீலிக்குப் பக்கத்தில் நின்று கிளப்பி, மலை மூக்கு ஒன்றைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனேன். மலை நடுவில் வந்ததும் திரை கறுத்துவிட்டது. வீடு திரும்பும் உயரம் கடையில் வாங்கியபடியே 30 மீற்றரில் இருந்தது, ட்ரோன் 35இல் பறந்துகொண்டிருந்தது. அது நல்ல பிள்ளையாக 35இலேயே நேரே வீட்டுக்குக் கிளம்பி, மலை மூக்கில் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் தேடினோம். கண்டுபிடித்தது பாடசாலை விட்டு வந்த இரண்டு பையன்கள். ஒரு கை முறிந்து, மரத்தில் வௌவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது கிளம்பும் இடத்தில் நின்று, சுற்றி இருப்பதில் உயரமான மரம் அல்லது மேடு எது என்று பார்த்து, அதற்கு மேல் 25 மீற்றராவது கூட்டி வைக்கிறேன். மலைக்குப் பின்னால் விடுவதே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பறக்க விட வேண்டும் என்பது விதியும்கூட.

கம்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போகும் மின்கம்பி திரையில் தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், தூணைத் தேடுங்கள். இரண்டு தூண் தெரிந்தால் நடுவில் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளப்பும் இடத்தில் தகரக் கூரை, தண்ணீர்க் குழாய், கொங்கிறீட் தளம் இருந்தால் திசைகாட்டி குழம்பும். பத்தடி தள்ளி மண் தரையில், ஒரு உரப்பையை விரித்து அதன் மேல் வைத்துக் கிளப்புங்கள்.

பனி, காற்று, குளிர்

நமக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டரை மணித்தியாலம். காலை ஒன்பதரைக்கு முன் இலையில் பனித்துளி இருக்கும், படத்தில் வெள்ளையாக மினுங்கும். பகல் பன்னிரண்டு தாண்டினால் மூட்டம் வரத் தொடங்கும். நடுவில் உள்ளதுதான் நம் நேரம். மெல்லிய மேகம் வானம் முழுக்கப் பரவியிருந்தால் மிக நல்லது, நிழல் விழாது. வெயிலும் மேகமும் மாறி மாறி வருவதுதான் மோசம். ஒரே மலை ஒரு படத்தில் பச்சையாகவும் அடுத்த படத்தில் கறுப்பாகவும் இருக்கும், ஒப்பிட முடியாது.

மூட்டம் வரும் வேகம் நம் ஆட்களுக்குத் தெரியாதது இல்லை. எனக்கு அடையாளம், எதிர் மலையில் உள்ள கோயில் கோபுரம். அது மங்கினால் உடனே இறக்கிவிடுவேன். இன்னும் ஒரே ஒரு படம் என்று ஆசைப்பட்டால் முடிந்தது. சின்ன ட்ரோன்களுக்கு ஈரம் ஆகாது, மூட்டம் என்பது நின்றுகொண்டிருக்கிற மழை.

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டம்பர் வரை, நாட்கள் குறைவாகத்தான் கிடைக்கும். ஊவாப் பக்கம், பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடையில் அதே யூலை, ஓகஸ்டில் வானம் வெளுத்திருக்கும், ஆனால் கச்சான் காற்று அடிக்கும். அங்கே உள்ளவர்கள் காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இறக்கை கூடுதலாகச் சுற்ற வேண்டும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். குளிரும் பேட்டரிக்கு எதிரி. பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் 18 நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். தைப் பனிக் காலத்தில் பேட்டரியை ஜாக்கெட்டுக்குள் வைத்து உடம்புச் சூட்டில் கொண்டுபோங்கள். கிளப்பியதும் தலை உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி வைத்து, சூடேறிய பிறகு அனுப்புங்கள். பேட்டரி 30 சதவீதம் காட்டும்போது ட்ரோன் தரையில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம்: ஐந்து புள்ளி

புதிதாக வாங்கியவர்கள் உடனே வரைபடம், நிறப்படம் என்று இறங்குகிறார்கள். வேண்டாம். முதல் இரண்டு மாதம் இதை மட்டும் செய்யுங்கள்.

தோட்டத்தில் ஐந்து இடம் தேர்ந்தெடுங்கள். நல்ல இடம் ஒன்று, மோசமான இடம் ஒன்று, கான் ஓரம் ஒன்று, மர நிழல் ஒன்று, பாதை ஓரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு தடி நட்டு, நுனியில் வெள்ளைச் சாக்குத் துண்டு கட்டுங்கள். வாரத்துக்கு ஒரு தரம், அதே நேரத்தில், அந்தத் தடிக்கு நேர் மேலே, அதே உயரத்தில் ட்ரோனை நிறுத்தி, கேமராவை நேர் கீழே பார்க்கவைத்து ஒரே ஒரு படம். ஐந்து படம், பத்து நிமிடம்.

அப்புறம் முக்கியமான வேலை. ஒரு கொப்பியில் திகதி, மலை நம்பர் (தேயிலைத் துண்டின் இலக்கம்), கடைசியாகக் கொழுந்து எடுத்த நாள், உரம் போட்ட நாள், மழை எப்படி, எந்த வருடம் கவ்வாத்து (செடியை வெட்டிக் குறைப்பது) என்று எழுதுங்கள். கொழுந்து எடுத்த மறுநாள் எடுத்த படமும், எடுக்கும் முந்திய நாள் எடுத்த படமும் ஒரே மலை மாதிரியே இருக்காது. இளந்தளிர் வெளிர்ப் பச்சையாக மூடியிருக்கும், எடுத்த பிறகு கடும்பச்சை தெரியும். கொப்பி இல்லாமல் இதைப் பார்த்தால் நோய் வந்து போனது என்றே நினைப்பீர்கள். கவ்வாத்து வெட்டிய மலை வெறும் குச்சியாக, மண் நிறமாகத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பதறி, அண்ணனுக்குப் போன் போட்டு, "மலை எரிஞ்சு போச்சு அண்ணே" என்றாராம். வெட்டியதே அந்த அண்ணன்தான்.

முழுத் தோட்டத்தையும் ஒரே படமாக

கை பழகிய பிறகு இது. 50 மீற்றர் உயரத்தில் ஒரு படம் ஏறத்தாழ 70 மீற்றருக்கு 50 மீற்றர் இடத்தைப் பிடிக்கும், படத்தின் ஒரு புள்ளி நிலத்தில் இரண்டு சென்ரிமீற்றர் அளவு. செடியைத் தனித்தனியாகப் பார்க்க அது போதும். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். சமதரையில் முன்பின்னாக 75 சதவீதம் போதும் என்பார்கள். நம் மலையில் முன்பின் 80, பக்கவாட்டில் 75 என்று வையுங்கள். ஐந்து ஏக்கருக்கு நூற்றுச் சொச்சம் படங்கள் வரும், ஒரு பேட்டரியில் முடியும்.

இவற்றை ஒட்டி ஒரே படமாக்க வெப்ஓடிஎம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒட்டிய படத்தைத் திறந்து, எல்லை கீறி, அளந்து பார்க்க க்யூஜிஐஎஸ், அதுவும் இலவசம். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி இருந்தால் இரவில் ஓட விட்டுப் படுத்துக்கொள்ளலாம், காலையில் தயாராக இருக்கும். கரண்ட் போகாமல் இருந்தால்.

நிலத்தை அளக்க ட்ரோன் படத்தைக் காட்டி எல்லைச் சண்டை பிடிக்காதீர்கள். சாதாரண ஜிபிஎஸ் சில மீற்றர் தள்ளிக் காட்டும். எல்லைக்கு நில அளவையாளர்தான்.

படத்தை வாசிப்பது

நிறத்தை முதலில் பார்க்காதீர்கள், உருவத்தைப் பாருங்கள். இது எனக்கு மிகவும் உதவிய பழக்கம்.

நேர்கோடாக முடிகிற நிறமாற்றம் மனிதன் செய்தது. உரம் போட்டவர் ஒரு நிரையை விட்டிருப்பார், அல்லது ஒரு பக்கம் விதைத் தேயிலை, மறுபக்கம் வீபீ தேயிலை (தண்டு வெட்டி நட்டு வளர்த்தது), அல்லது கவ்வாத்து எல்லை. சரிவில் விசிறியாக விரிவது தண்ணீர். பாதையோரம் பட்டையாகப் போவது தூசி, அல்லது மண் இறுகியது. வட்டமாக, மாதத்துக்கு மாதம் பெரிதாகிற திட்டு என்றால் மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது. வேர் அழுகல் நோய்கள் ஒரு செடியின் வேரிலிருந்து பக்கத்துச் செடியின் வேருக்குத் தொற்றி அப்படித்தான் பரவும். வேர்ப்புழுவும் திட்டுத் திட்டாகவே வரும். வறட்சிக் காலத்தில் செம்பு நிறத்தில் மங்கிய இடம் தெரிந்தால் செஞ்சிலந்தி இருக்கலாம், போய் முதிர்ந்த இலையைப் பாருங்கள்.

சந்தேகமான செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படத்தையும் எடுத்துக்கொண்டு, மண்ணும் வேரும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ட்ரோனுக்குத் தெரியாததையும் சொல்ல வேண்டும். கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்ததிலிருந்து நம் உயர்நாட்டுத் தேயிலைக்குப் பெரிய தொல்லை. அது பிடிப்பது இளங்கொழுந்தை. ஆரம்பத்தில் எண்ணெய்த் துளி பட்ட மாதிரி ஒரு சின்னப் புள்ளி, வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரியும். 50 மீற்றரிலிருந்து அது தெரியும் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு ஏதோ விற்கப் பார்க்கிறார். அதற்குக் கொழுந்து எடுக்கிற அக்காமாரின் விரல்தான் சரியான கருவி. வாரா வாரம் ஒவ்வொரு செடியையும் தொடுகிறவர்கள் அவர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

மரக்கறிக்கு வந்தால் கதை வேறு, வேகம் கூட. உருளைக்கிழங்கில் பின் வெளிறல் நோய் மூட்டமும் ஈரமும் தொடர்ந்தால் சில நாட்களில் பாத்தியை முடித்துவிடும். அந்தக் காலத்தில் வாரம் ஒரு தரம் போதாது, வானம் விடுகிற ஒவ்வொரு நாளும் பாருங்கள். கரட் (கேரட்) பாத்தியில் முளைக்காத இடம் மேலிருந்து மிகத் தெளிவாகத் தெரியும். முளைத்த மூன்றாம் வாரம் ஒரு படம் எடுத்தால், விதை போடத் தவறியதா, மழை அரித்ததா என்று பாத்தியின் ஒழுங்கே சொல்லிவிடும்.

கோவாவுக்கு (முட்டைக்கோசு) ஒரு தந்திரம். வேர் முடிச்சு நோய் வந்த செடி வெயில் ஏறும்போது வாடும், மாலையில் குளிர்ந்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்துவிடும். காலையில் தோட்டத்தைச் சுற்றுகிறவர் கண்ணில் படாது. அதனால் கோவாப் பாத்தியை மட்டும் உச்சி வெயிலில் எடுங்கள். வாடிய செடிகள் படத்தில் சுருங்கி, நடுவில் மண் தெரியும். குறித்துக்கொண்டு போய் ஒன்றைப் பிடுங்கினால் வேர் இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். இதற்கு விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள்.

சிவப்பும் பச்சையுமாக வரும் அந்தப் படம்

என்டிவிஐ என்று எல்லோரும் பேசுவது இதுதான். நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அடர்ந்து ஆரோக்கியமாக இருந்தால் ஒன்றை நெருங்கும், வெறும் மண்ணில் பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும். இதற்கு மல்டிஸ்பெக்ட்ரல் கேமரா வேண்டும், சாதாரணக் கேமராவால் முடியாது. சாதாரணப் படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தை வைத்துப் போடும் வேறு கணக்குகள் வெப்ஓடிஎம்மில் உண்டு, தொடக்கத்துக்கு அவை போதும்.

தேயிலையில் இதற்கு இரண்டு சிக்கல். மூடி வளர்ந்த தேயிலை மேசை மாதிரி அடர்ந்திருக்கும், அங்கே என்டிவிஐ உச்சத்தில் போய் முட்டி நின்றுவிடும், நல்லதுக்கும் மிக நல்லதுக்கும் வித்தியாசம் தெரியாது. சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் நடுவே உள்ள சிவப்பு விளிம்பு என்ற ஒளிப்பட்டையை வைத்துக் கணக்கிட்டால் கொஞ்சம் பிடிபடும். அடுத்தது நிழல் மரம். மேலிருந்து பார்க்கும்போது பச்சையாக மினுங்குவது கிரவில்லியா மரத்தின் தலை, அதன் கீழே தேயிலை செத்துக்கொண்டிருந்தாலும் படம் சிரிக்கும். மரங்களை முதலில் வெட்டி ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுங்கள். படத்தில்தான், தோட்டத்தில் அல்ல.

கீழே மனிதர்கள் இருக்கிறார்கள்

ட்ரோன் சத்தம் கேட்டதும் மலையில் நிற்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "யார் அனுப்பினது, நம்மளைத்தான் பார்க்கிறாங்களா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக மேலிருந்து கண்காணிக்கப்பட்ட ஆட்கள் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. காலைப் பிரட்டு (வேலைக்கு ஆள் கூடும்) நேரத்திலேயே போய், எதற்காக, எந்த மலை, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். எடுத்த படத்தைக் காட்டுங்கள். யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று ட்ரோனால் பார்க்கச் சொல்லி உங்களிடம் யாராவது கேட்டால், மறுத்துவிடுங்கள். நான் மறுத்திருக்கிறேன், ஒரு நாள் கூலி போனது, அவ்வளவுதான்.

பீலிப் பக்கம், லயங்களின் பின்புறம், பிள்ளை மடுவம் (குழந்தைகளைப் பார்க்கும் இடம்), இவற்றுக்கு மேலே பறக்காதீர்கள். குளிக்கிற இடம் எங்கே என்று உங்களுக்கே தெரியும். பாதை மாற்றிச் சுற்றிப் போனால் ஒரு நிமிடம் கூடும்.

கொழுந்து எடுக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய இன்னொன்று: குளவிக் கூடு எங்கே? நிழல் மரத்திலோ செடிக்குள்ளோ கூடு இருக்கும் இடம் அவர்களுக்குத்தான் தெரியும். குளவிக் கொட்டுக்கு உயிர் போன வீடுகள் மலையகத்தில் இருக்கின்றன. கூட்டுப் பக்கம் ட்ரோனைத் தாழ இறக்கிக் காற்றை அடிக்க வேண்டாம், அதுவும் கீழே ஆட்கள் நிற்கும்போது. பருந்து வட்டமிட்டால் ட்ரோனை விலக்கி இறக்கி, அது போன பிறகு திரும்பக் கிளப்புங்கள்.

மழைக்குப் பிறகு

என்னைக் கேட்டால், நம் மலையில் ட்ரோனின் பெரிய பயன் இலையைப் பார்ப்பதில் இல்லை, கானைப் பார்ப்பதில் இருக்கிறது. பெருமழை விட்ட முதல் தெளிந்த காலையில் கான் வழியே ஒரு பறப்பு. எங்கே உடைந்தது, எங்கே அடைத்தது, புதிதாக மண் சிவந்து தெரிவது எங்கே என்று குறியுங்கள்.

நிலத்தில் பிறை வடிவில் புதிய வெடிப்பு, வரிசையாகச் சாய்ந்த மரங்கள், ஊற்று இல்லாத இடத்தில் சேற்றுத் தண்ணீர், இவை தெரிந்தால் அதன் பிறகு அது பயிர் விஷயம் இல்லை, மண்சரிவின் அடையாளம். கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள். கீழே இருக்கும் வீடுகளுக்குச் சொல்லி வெளியேற்றுங்கள், கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் தகவல் கொடுங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் பார்த்தவர்கள். அனர்த்த வேலை நடக்கும் இடத்தில் ஹெலிகொப்டர் வரலாம், அங்கே நீங்கள் பறக்க விடக் கூடாது.

பெட்டிக்குள் வைக்கும்போது

தொடர் மழை வாரங்களில் ட்ரோன் பெட்டியில்தான் இருக்கும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்தோ, முழுதாக இறக்கியோ வைக்காதீர்கள், பாதிக்குச் சற்று மேலே போதும். நாங்கள் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்புக்குத் தள்ளி வைக்கிறோம். லயத்தில் கரண்ட் ஏறி இறங்கும் வீடென்றால் சார்ஜரை நேரே சுவரில் செருகாமல் வோல்டேஜ் பாதுகாப்பு உள்ள பெட்டி வழியாகக் கொடுங்கள். இறக்கைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் விளிம்பைத் தடவுங்கள். நகம் எங்காவது மாட்டினால் வெடிப்பு இருக்கிறது, அந்தச் சோடியை மாற்றிவிடுங்கள்.